பெருக்காத வீடு

ஆறு மாத விசா முடிந்த அம்மாவை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டுக் கோமதி வீட்டுக்குள் நுழைந்தபோது, தரை பெருக்கும் இயந்திரம் வழக்கம்போலத் தானாகவே கிளம்பி உருளத் தொடங்கியிருந்தது. பாய்ந்துபோய் அதைக் கவிழ்த்துப் போட்டாள். பயணம் கிளம்பியவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் அவர்களையே வழித்துத் தள்ளியது போலாகிவிடும். அம்மா தலைவாரிய ஜன்னலடியில் நரைமுடிச் சுருள் ஒன்று அப்படியே கிடந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் செல்பேசி அடித்தது.

“அத்தைதான் கூப்பிடுதாவ. வீடு போய்ச் சேந்துட்டாவ போல. எடேன், பெருக்கிரலாம்லா!” என்றான் கணவன்.

கோமதி நரைமுடிச் சுருளை மிதித்துவிடாமல் சுற்றிப்போய்ச் செல்பேசியின் அருகே உட்கார்ந்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவள் எடுக்கவில்லை.