முதல் டம்ளர்

எண்பது மீட்டர். சத்தமில்லை.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவு நாடாவைத் துளைக்குள் இறக்கினாள். நுனியில் தண்ணீர் பட்டால் மேலே இருக்கும் பெட்டி கீச்சிடும்.

கீச்சிடவே கூடாது.

அணு உலைக் கழிவைப் புதைக்கிற பாறைக்கு ஈரம் ஆகாது. ஆயிரமாயிரம் வருடத்துக்கும் ஆகாது. இதுவரை ஐந்து இடங்களில் துளைத்து, ஐந்திலும் கசிவு. இதுதான் கடைசி. பாறையை ஆராய்ந்து, இங்கே துளைக்க மஞ்சள் பெயிண்டால் புள்ளி வைத்தவள் அவளேதான்.

இருநூறு மீட்டர்.

நேற்று காற்றடித்து ஊதி ஊதி வற்றவைத்த துளை. வறண்டே கிடந்தால் வென்றாள்.

கம்பிவேலிக்கு வெளியே பெண்கள் குடங்களோடு நின்றார்கள். இரண்டு வாரமாக நிற்கிறார்கள். போர்வெல் வண்டி வேறு எதற்கு வரும்? இது தண்ணீருக்கு இல்லை என்று அவளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

"அந்தப் பிள்ளை சொல்றது கெடக்கு. தண்ணி வரும் பாருங்கடி!"

முந்நூறு. வாய்க்குள் சிரிப்பு முட்டியது.

முந்நூற்று நாற்பது.

கீச்.

"நேத்து மிச்சத் தண்ணியா இருக்கும். ஒரு தடவை ஊதிருங்கண்ணா."

வண்டிக்காரர் சென்னியப்பன் காற்றைத் திறந்தார். திருச்செங்கோட்டுக்காரர். முப்பது வருடமாகத் தண்ணீருக்கென்றே துளைத்தவர்.

துளை சாம்பல் நிறத்தில் சேற்றுக் குழம்பைத் துப்பியது. நிற்கும் என்று பார்த்தாள்.

தண்ணீர் வெளுத்தது. பனை உயரம் எழும்பியது. கால் மணி நேரமாகியும் நிற்கவில்லை.

விசில் பறந்தது. சென்னியப்பனின் ஆட்கள் துண்டைச் சுழற்றி ஆடினார்கள். வேலியோரம் குலவை. குடத்தில் தாளம்.

ஆறாவது இடமும் போயிற்று. அவள் முழுக்க நனைந்து நின்றாள்.

சென்னியப்பன் எவர்சில்வர் டம்ளரில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பாதி வந்ததும்தான் அவருக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆனாலும் டம்ளரைத் திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லை.

"புள்ளி வெச்சவீங்கதான் மொதல்ல குடிக்கோணும், அம்மிணி. எங்க வண்டி மொறை அது."

வாங்கினாள். ஒரு மடக்கு.

இன்னொரு மடக்கு. டம்ளர் காலியானது.

நோட்டைத் திறந்தாள். 'தகுதியற்ற இடம்' என்று எழுதினாள். எழுத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு பாக்கெட்டில் கைவிட்டு, வேலிக் கதவின் சாவியைத் தேடினாள்.