தானாக முன்வந்தவள்

மூடிய கதவுக்குள்ளிருந்து துணைவேந்தர் தொண்டையைச் செருமினார்.

வராந்தா பெஞ்சில் இருந்த மாணவி, ஊசியால் குத்துப்பட்டவள் போல விருட்டென்று எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா," என்றார் கதவோரம் ஸ்டூல் போட்டிருந்த அட்டெண்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பெரியவரு ஊர்லயே இல்ல. உள்ள ஒரு பொண்ணு பேசிக் காட்டுது. என்னமா பண்ணுதுங்கறே!"

அவள் மறுபடி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

துணைவேந்தரை இப்படிச் செரும வைக்க ஒருத்தியால்தான் முடியும். விடுதியே 'ரேடியோ' என்று கூப்பிடும் கடைசி வருடத்துக்காரி. இவளுடைய அறைத்தோழி. யாரைப் பற்றிச் சொல்ல இவள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாளோ, அவளேதான்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை வந்த வினை. புதிய நடத்தை விதிகளைப் பற்றித் துணைவேந்தர் அரங்கத்தில் ஆற்றிய உரையை, மத்தியானம் அறையில் வைத்து ரேடியோ அப்படியே எடுத்துவிட்டாள்.

"இங்கே எல்லோருக்கும் பேச்சுரிமை உண்டு. எழுத்து மூலம் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, எவர் மனமும் கோணாமல் தாராளமாகப் பேசலாம்!"

அறை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. வெளியே நடந்துபோன யாரோ காதில் வாங்கி, நேரே போய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள்.

புதிய விதி எதையும் விட்டு வைக்கவில்லை. பொறுப்பில் இருப்பவரைப் பழித்துக் காட்டக் கூடாது. கேட்டுச் சிரித்தவருக்கும் அதே தண்டனை. தாமாக முன்வந்து உண்மையைச் சொல்பவருக்கு மட்டும் மன்னிப்பு.

தண்டனை என்றால் விடுதி போகும், உதவித்தொகை போகும். உதவித்தொகை போனால் அவளுக்குப் படிப்பே போகும். காலையில் அப்பா, விஷயம் எதுவும் தெரியாமலே, தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில் போனில் சொன்னார்: "நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு? நீ உண்டு உன் படிப்பு உண்டுன்னு இரு."

போனை வைத்ததும் கிளம்பி வந்துவிட்டாள். "நானா சொல்ல வந்திருக்கேன்ணே" என்று அட்டெண்டரிடம் சொல்லியும் வைத்தாயிற்று. மற்ற அறைத்தோழிகளில் எவளாவது முந்திக்கொண்டால்? படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே விசாரணைக் குழுத் தலைவியின் குரல் உயர்ந்தது. "ரூம்ல நாலஞ்சு பேர் சிரிச்சிருக்காங்க. யார் யாரு?"

"எல்லாம் நான்தான் மேடம். தனியாத்தான் இருந்தேன். சிரிப்பையும் சேர்த்துதான் பழகுவேன்."

"யார்கிட்ட காது குத்தறே? எங்க, சிரி பார்ப்போம்."

குக்கர் விசில் போல ஒரு சிரிப்பு கிளம்பியது. ஜன்னலோரக் கட்டில்காரி.

மூக்கால் சீறி, பாதியில் இருமலாகும் சிரிப்பு. கணிதம் படிப்பவள்.

அடுத்தது, முடிகிற இடத்தில் விக்கல் விழும் சிரிப்பு.

அது இவளுடையது.

அட்டெண்டர் தொடையில் தட்டிக்கொண்டார். "ஒரு பொண்ணுக்கு எத்தனை வாய் பாரேன்!"

அவள் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்தினாள். எழுந்து ஓடிவிடலாமா? ஓடினால் மன்னிப்பும் போய்விடும்.

"சிரிப்பு இருக்கட்டும்," என்றது உள்ளே அந்தக் குரல். "நடுவுல யாரோ கெஞ்சினாங்கன்னு புகார் கொடுத்தவங்க சொல்றாங்க. அது யாரு?"



அவள் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டாள் ரேடியோ. இனி வேறு வழியில்லை. இதோ, பேர் வரப் போகிறது.

பேர் வரவில்லை. குரல்தான் வந்தது.

"அக்கா, ப்ளீஸ்க்கா! வெளியில கேக்காதுக்கா, கதவைச் சாத்திட்டேன். அந்த 'அனுமதி பெற்று' மட்டும் இன்னொரு தடவைக்கா!"

அதே குழைவு, அதே இழுவை. "வேணாம்டி, காலம் சரியில்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்ட ரேடியோவின் போர்வையை உருவி, கையைப் பிடித்து இழுத்து, கட்டில்மேல் நிற்க வைத்த குரல்.

அட்டெண்டரின் சிரிப்பு சட்டென்று நின்றது. சற்று முன் தன்னிடம் பேசிய குரல் அவருக்கு மறந்திருக்காது. கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

உள்ளிருந்து அழைப்பு மணி அடித்தது.

அவர் எழுந்து கதவைப் பாதி திறந்தார். "தானா சொல்ல ஒரு பொண்ணு வந்திருக்குன்னீங்களே, வரச் சொல்லுங்க," என்றார் தலைவி.

அட்டெண்டர் திரும்பினார். அவள் தலை, வேண்டாம் என்று மெல்ல, மிக மெல்ல ஆடியது.

அவர் மறுபடி கதவுப் பக்கம் திரும்பினார்.

"போயிடுச்சுங்கம்மா. வெளியில யாருமில்ல."

சொல்லிவிட்டு, ஸ்டூலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ வெளியே வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. பெஞ்சில் இருந்தவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, பிறகு முகமெல்லாம் மலர்ந்து, ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

"ஒரு செமஸ்டர் வெளியே போட்டுட்டாங்கடி. போகட்டும் விடு, உங்க யாரையும் இழுக்கல. ஆமா, நீ எனக்குத் துணைக்கா வந்தே? லூசு! எந்திரி, எந்திரி. இந்த பெஞ்சுல உன்னை யாராச்சும் பார்த்தா, போட்டுக் குடுக்க வந்தவன்னு நினைச்சிடப் போறாங்க."