தேயாத முகம்

கடைசி இராப்போசன ஓவியத்தை அப்படியே புடைப்பாக அடித்த பித்தளைத் தகடு அது. ரோமாபுரியில் மந்திரித்தது என்று முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தார் பங்குப்பேரவைத் தலைவர் இஞ்ஞாசியார். வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் அதைப் பேரம் பேசி வாங்கியவள் அவர் மனைவி சலேத்மேரி.

“பெரிய மனுஷங்க வந்துபோற வீடு. கண்ணைப் பறிக்கணும்டி!” என்பார். சனிக்கிழமை தவறாமல் அவள் புளி போட்டுத் தேய்ப்பாள். யூதாஸை மட்டும் தொடமாட்டாள். “காட்டிக்கொடுத்த பயலுக்கு மினுக்கு ஒரு கேடா?”

சர்க்கரை நோய் முதலில் அவருடைய காலை எடுத்தது, பிறகு கண்ணை. டாக்டரும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். பெரிய மனுஷர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பங்குச்சாமி வந்து அந்திமக்கால அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போனதும் இஞ்ஞாசியார் தகட்டைக் கேட்டார்.

“ஆண்டவர் முகத்தை ஒரு தடவை தொட்டுக்கிறேன்டி. அது போதும்.”

விரல் நடுவில் தேடியது. அங்கே ஆண்டவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழத்துக் கிடந்தார்கள்.

“எங்கடி அவரு?”

விரல் இடப்பக்கம் ஊர்ந்து, ஓரிடத்தில் நின்றது. மூக்கு, தாடி, நெற்றிச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருந்தன.

“இந்தா இருக்காரு! நேத்து செஞ்ச மாதிரி இருக்காருடி!”

எத்தனையோ மாதம் கழித்து அவர் முகம் மலர்ந்திருந்தது.

“ஆமாங்க,” என்றாள்.

“கிட்டக் கொண்டா. ஒரு முத்தம் குடுத்துக்கிறேன்.”

அவள் தகட்டை ஏந்திப் பிடித்தாள். அவர் உதட்டைக் குவித்துத் தலையை எக்கியபோது, பார்வையுள்ள அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.