வேலிக்கு அந்தப்பக்கம்

“டெஸ்மண்ட்! மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் துணி காயப்போட வேண்டியிருக்கு. நேத்து ஒரு எலி எங்க சமையல்கட்டு வரைக்கும் வந்துடுச்சு!”

வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினாள் லொரேன்.

உரக்குவியலைக் கிளறிக்கொண்டிருந்த டெஸ்மண்ட் நிமிர்ந்தார்.

“அடியில கம்பிவலை போட்டுட்டேன். மேல சருகும் அள்ளிப் போடறேன். நாத்தம் அடங்கிடும்.”

“போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க! என் நாய் உங்க குவியல்லேருந்து ஆட்டு எலும்பைக் கவ்விக்கிட்டு வந்து நிக்குது. உரத்துல கறி போடாதீங்க, எலி வரும்னு இந்தத் தெருவுக்கே பாடம் எடுத்தவர் நீங்கதானே?”

“தப்புதான் லொரேன். நான்தான் போட்டேன்.”

“வயசானா எல்லாம் மறந்துபோயிடுமா? இன்னொரு தடவை எலியைப் பார்த்தேன், நேரா நகர கவுன்சில்ல புகார்தான்.”

அவர் குனிந்து மறுபடியும் குவியலைக் கிளற ஆரம்பித்தார். அதுவே லொரேனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குள் அவர் மனைவி மேவிஸ் படுத்த படுக்கை. வயிற்றில் புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் டூவூம்பா ஊரில் டிசம்பர்தான் கோடை; அந்த வெயிலில் ஈ மொய்த்துத் தள்ளுகிறது. நோயாளி இருக்கிற வீட்டை இப்படியா வைத்திருப்பார் ஒரு மனுஷர்?

மறுநாள் சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் லொரேன். பக்கத்து வீட்டுப் பின்கதவு மெல்லத் திறந்தது.

மேவிஸ்!

எலும்பும் தோலுமாக, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். கையில் தட்டு. தொடாத ஆட்டுக்கறி, பூசணி, பட்டாணி. குவியலின் ஓரத்தைக் கையாலேயே பறித்து எல்லாவற்றையும் கொட்டினார். மேலே சருகைத் தள்ளி மூடினார். மூச்சு வாங்க நின்றுவிட்டு, காலித் தட்டோடு உள்ளே போனார்.

பாவம், அந்த மனுஷரைப் போய் என்னவெல்லாம் சொல்லிவிட்டோம்!

காலையில் வாசலில் டெஸ்மண்டைப் பிடித்தாள்.

“எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. கறியைப் போடறது நீங்க இல்லை, மேவிஸ். நீங்க சமைச்சுக் கொடுக்கறதை அவங்க சாப்பிடறதே இல்லை!”

அவர் சட்டென்று ஜன்னலைப் பார்த்தார்.

“மெதுவாம்மா. காதுல விழுந்துடப்போகுது.”

“அப்போ... உங்களுக்குத் தெரியுமா?”

“அவளுக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்கலை. நான் இடிஞ்சுபோயிடக் கூடாதுன்னு, காலித் தட்டைக் காட்டி ‘நல்லா இருந்துச்சு டெஸ்’ன்னு சிரிக்கிறா. அவ போய்ட்டு வரட்டும்னுதான் நான் அந்த நேரத்துல குளிக்கப் போறேன்.”

“தெரிஞ்சுமா தினம் சமைக்கறீங்க?”

டெஸ்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நிறுத்திட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுடுமேம்மா.”