வேண்டாத துளை

எதிரி நாட்டுக்காரர்கள் கணினிக்குள் புகுந்து விமான இன்ஜின் வரைபடங்களைத் திருடுவது தெரிந்ததும், மங்கையர்க்கரசி தன் வரைபடத்தில் எதற்கும் உதவாத ஒரு துளையைப் போட்டுவைத்தாள். அதையும் சேர்த்துத்தான் செய்வார்கள். வழக்கில் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

இன்று அவர்களுடைய இன்ஜின் அவள் மேசையில் பிரிந்து கிடந்தது.

"துளை இருக்கா மேடம்?" என்றார் வழக்கறிஞர் தணிகாசலம்.

"இருக்கு சார்."

"மாட்டினானுங்க!"

"எங்க மாட்டினாங்க? அது வழியா குளிர்காத்து விட்டிருக்காங்க. நம்ம இன்ஜினைவிட சூடு கம்மி. தேவைன்னுதான் போட்டோம்னு சொன்னா யார் மறுக்கிறது?"

"அப்போ கேஸு?"

"போச்சு."

"திருட்டுப் பசங்க!"

"திருட்டுதான். ஆனா என்ன மூளை சார்!"

விரலால் அந்தத் துளையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு தன் வரைபடத்தை விரித்து, அவர்கள் இன்ஜினைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலை ஓட்டினாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க சார்."