கறுப்பு நோட்டு

இவர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும் என்று நினைத்துக்கொண்டே, கறுப்பு நோட்டில் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தாள், நாளை ஓய்வுபெறும் தலைமையாசிரியை.

"இன்னும் ரெண்டு வருஷம் இருங்கம்மா. நீங்க போனா ரிசல்ட் படுத்துடும்," என்றார் எதிரே இருந்த பள்ளிச் செயலாளர்.

"போன வருஷம் ஆபரேஷன்னு மூணு மாசம் நான் வரலையே. படுத்துச்சா?"

"இல்ல... ஏறிடுச்சு." செயலாளர் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, இந்த நோட்டையாவது குடுத்துட்டுப் போங்க. எந்த டீச்சர் பிரச்சினைன்னு வந்தாலும், 'நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?'ன்னு கேட்டுட்டு இதுல எழுத ஆரம்பிச்சிடுவீங்களாமே. அவங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள வழி பிறந்துடுதாம். புதுசா வர்றவங்களுக்கு உதவுமில்ல?"

"புது நோட்டு ஒண்ணு வாங்கிக் குடுங்க சார். அதுவே போதும்."

பதினோரு வருஷத்தில் இந்த நோட்டில் அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது, குறுக்கே புகுந்து புத்தி சொல்லத் தொடங்கிவிடும். அதனால் வரைந்தாள். கண்ணாடி போட்ட கணக்கு டீச்சர் பூனை, விசில் ஊதும் விளையாட்டு வாத்தியார் பூனை என்று பக்கத்துக்குப் பக்கம் பூனைகள். கடைசிப் பக்கத்தில், இன்னும் மை காயாமல், முறுக்கு மீசையோடு ஒன்று.

"இவ்வளவு நேரம் நான் சொன்னதை எழுதினீங்களே, அந்த ஒரு பக்கத்தையாவது காட்டுங்கம்மா."

அவள் நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அதை மட்டும் மாட்டேன் சார்."