சங்கத்துக்கு ஒரு கூரை

"இன்னைக்கும் முடிவாகலைன்னா சங்கத்தை இழுத்து மூடிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் தலைவர்.

கூரையிலிருந்து ஒழுகிய மழைத் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டிய கட்டடக் கலைஞர்களின் சங்கம் அது. தொண்ணூறு வருஷமாக வாடகை மாடியில்தான் குடியிருக்கிறது. சொந்தக் கட்டடம் கட்ட இடம் இல்லாமல் இல்லை. சங்கத்தைத் தொடங்கியவர்களே வாங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். யாருடைய பிளானைக் கட்டுவது என்பதில்தான் மூன்று தலைமுறையாக இழுபறி.

இப்போது கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. வாடகைக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். நாளைக்குள் பிளான் கொடுக்காவிட்டால், இத்தனை வருஷம் சும்மா கிடந்த அந்த இடத்தையும் நகராட்சி எடுத்துக்கொள்ளும்.

செயலாளருக்குக் காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மனைவி போன பிறகு இந்தச் சனிக்கிழமைக் கூட்டம்தான் அவருக்கு வீடு, வாசல், மனுஷர் எல்லாம். இதுவும் போய்விட்டால் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போய் உட்காருவது?

"பேசாம சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாமே" என்றார் ஆஸ்பத்திரியம்மா. வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரிகளாகவே கட்டியதால் வந்த பெயர் அது.

"சீட்டுக் குலுக்கிக் கட்டுற கட்டடத்துல நீங்க குடியிருப்பீங்களாம்மா? ஓட்டுதான். சங்க விதி அப்படி" என்றார் தலைவர்.

விதியைவிட வழக்கம்தான் பெரிய வில்லங்கம். தன் பிளானை நம்பாதவன் கட்டடக் கலைஞனே இல்லை என்று முதல் தலைவர் சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து இந்தச் சங்கத்தில் அவரவர் பிளானுக்கு அவரவர் ஓட்டுப் போடுவதுதான் மானம். இப்போது இருப்பது ஏழு பேர், ஏழு பிளான். ஏதாவது ஒன்றுக்கு ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக விழுந்தால் போதும், அது ஜெயித்துவிடும். அந்த ஒரு ஓட்டுதான் தொண்ணூறு வருஷமாக விழவில்லை.

"தலைவரே, வாளி நிரம்பப் போகுதுன்னு செயலாளர்கிட்ட சொல்லுங்க" என்றார் செயலாளரின் பக்கத்து நாற்காலியில் இருந்த வட்டம். ஜன்னல், கதவு, மாடிப்படி என்று எதை வரைந்தாலும் வட்டமாகவே வரைவதால் அவர் வட்டம்.

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு அவர்கிட்ட சொல்லுங்க தலைவரே" என்றார் செயலாளர்.

இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான். கடைசி வருஷம், "நீ வரைஞ்சது தீப்பெட்டி மாதிரி இருக்கு" என்று வட்டம் சொல்ல, "உன்னுது வண்டிச் சக்கரம்" என்று இவர் சொல்ல, அதோடு நேர்ப்பேச்சு நின்றது. அதற்காக ஒரு சனிக்கிழமைகூட இருவரும் வராமல் இருந்ததில்லை. நாற்காலியை மாற்றிக்கொண்டதும் இல்லை.

பக்கத்து அறைச் சுவரில் ஏழு பிளான்களும் பெயர் இல்லாமல் தொங்கின. பெயர் எதற்கு, கோட்டைப் பார்த்தாலே யாருடைய கை என்று தெரிந்துவிடுமே. ஒவ்வொன்றின் கீழும் மூடியில் துளை போட்ட தகர டப்பா ஒன்று. ஆளுக்கு ஒரு பென்சில் துண்டு. அதுதான் ஓட்டு.

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். வட்டமும் போய் வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிடிவாதக்காரன், தன் சக்கரத்துக்குத்தான் போட்டிருப்பான் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார்.

கடைசியாக அவர் போனார். தன் பிளானின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மூன்று மாதம் தூக்கம் கெட்டு வரைந்தது. மாட்டியிருந்த படத்திலிருந்து முதல் தலைவர் வேறு முறைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் அவசரமாகப் பென்சிலைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார்.

தலைவர் டப்பாக்களை மேஜைமேல் வரிசையாக வைத்துத் திறந்தார். முதல் டப்பாவில் ஒன்று. அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று. வட்டத்தின் டப்பா வந்தபோது செயலாளர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இதுலயும் ஒண்ணுதான்."

"சரியா பாருங்க தலைவரே. அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றார் செயலாளர்.

தலைவர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். "ஒண்ணுதான்யா."

மிச்ச டப்பாக்களிலும் ஒவ்வொன்று. கடைசியாகத் திறந்தது செயலாளரின் டப்பா. அதிலும் ஒரு பென்சில் கிடந்தது.

"அதானே பார்த்தேன். வழக்கம்போல அவங்கவங்களுக்கே போட்டுக்கிட்டாச்சு" என்று ஆஸ்பத்திரியம்மா சிரிக்க ஆரம்பித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"விதிப்படி இன்னும் ஒரு தடவை போடலாம். அதோட சரி" என்று தலைவர் பென்சில்களைத் திருப்பிக் கொடுத்தார். அவர் குரலில் நம்பிக்கையே இல்லை.

செயலாளர் பென்சிலை வாங்கிக்கொள்ள மறந்து, தன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓட்டுப் போட்டது வட்டத்தின் டப்பாவில்.

பக்கத்து நாற்காலி அவர் பக்கமாக நகர்ந்தது. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் தலைவர் இல்லாமல், வட்டத்தின் குரல் அவர் காதருகே கேட்டது.

"இந்தத் தடவையாவது உன் தீப்பெட்டிக்கு நீயே போட்டுத் தொலைடா. என் ஓட்டு மறுபடியும் அதுக்குத்தான்."